கலை மொபைல்ஸ், ரேஷன் கடை எதிரில்

காசிநாதனின் செல்போன் கடையில் உட்கார்ந்து ஒரு போனின் உடைந்த டிஸ்ப்ளேயைக் கழற்றிக்கொண்டிருந்தாள் கலையரசி. போனுக்குச் சொந்தக்காரி ஒரு கல்லூரி மாணவி. காத்திருக்கப் பொறுமையில்லாமல், கூட வந்த தோழியின் போனை வாங்கி ஏதோ வீடியோவைச் சத்தமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் ஓர் ஆண் குரல் சொன்னது:

“எடமேட பாட்டு நடுவுல ஒரு பொம்பளக் குரல் வரும் இல்ல, அது யாருன்னு எங்களுக்குத் தெரிஞ்சாவணும். வக்கீலும் கறாரா சொல்லிட்டாரு. அதுல சொல்ற கடையும் இப்ப அங்க இல்ல. அந்தக் கடக்காரம்மாவக் கண்டுபுடிக்காம ‘மிச்சம் மீதி’ வெளிய வராது.”

கலையரசியின் கை வழுக்கிவிட்டது. டிஸ்ப்ளேயோடு சேர்ந்து கழன்று வரவேண்டிய மெல்லிய பட்டை கிழிந்து தொங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பட்டையைக் கிழித்து காசிநாதன் பார்த்ததில்லை. என்ன ஆச்சு என்று அவர் நிமிர்ந்து கேட்டதற்கு வெயில் என்றாள். சித்திரை வெயிலில் அது ஒரு வசதி, எந்தப் பழியைத் தூக்கிப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். வேறு பட்டை தன் செலவில் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் அந்த வீடியோவிலேயே இருந்தது. கீழே வந்திருந்த கருத்துகளைத் தோழிகள் இருவரும் வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்கள். விடாதீங்க அண்ணா, பிடிச்சு உள்ள போடுங்க என்று ஒரு மகானுபாவன் எழுதியிருந்தான்.

அந்தக் குரல் கலையரசியுடையது. அந்தக் கடைக்காரம்மாவும் அவள்தான்.

‘மூன்றாம் ஷிப்ட்’ என்பது ஒரு ராக் இசைக்குழு. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நாலு பேர் கல்லூரிக் காலத்தில் ஆரம்பித்தது. பாடுகிறவன் கவியரசன், டிரம்ஸ் அடிப்பவள் சுபஸ்ரீ. அப்பன்மார் கடைசி ஷிப்டுக்குக் கிளம்பிப் போனபிறகுதான் வீட்டில் சத்தம் போட முடியும் என்பதால் அந்தப் பெயர். ஒரு கல்யாண வரவேற்பில் இவர்கள் முதன்முதலாக வாசித்தபோது பாதிக் கூட்டம் சாப்பிடாமலே எழுந்து போனது என்பார்கள். நான் நம்பவில்லை. நம் ஊரில் சாப்பிடாமல் யார் போவார்கள்? சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் போயிருப்பார்கள். எப்படியோ, இப்போது சென்னையில் பெயரெடுத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நின்றபடி கேட்கிறார்கள்.

அவர்களுடைய புது ஆல்பம்தான் ‘மிச்சம் மீதி’. புதுசு என்று பெயரே தவிர, புதுப் பாட்டு ஒன்றுகூட அதில் கிடையாது. அடுத்தவர் பாட்டைத் தங்கள் பாணிக்கு மாற்றிப் பாடியவை, மேடையில் மட்டும் பாடி வெளியிடாமல் விட்டவை, ஆரம்ப காலத்தில் போனில் பதிந்து எங்கேயோ தொலைத்தவை என்று எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒரே இடத்தில் போடுகிற வேலை. முந்தாநாள் குழம்பு, நேற்றுக் குழம்பு எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிச் சுண்டவைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இதன் ருசியை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்டியில் முக்கியமாகக் கிடக்க வேண்டிய துண்டு ‘எடைமேடை’ என்ற பாட்டு. அது இருந்த போனும் தொலைந்துவிட்டது, ஏற்றி வைத்த சி.டி.யும் கீறிப் போய்விட்டது. உலகத்தில் மிஞ்சியிருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் நடுவில் கலையரசி பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் அதற்குள் எப்படிப் போனாள் என்றால், அது அவளுடைய பிழைப்பு. கலையரசி மணலூர்பேட்டைப் பெண். அப்பா பொன்னுரங்கமும் அம்மாவும் கரும்பு வெட்டுக்குக் கூலிக்குப் போனவர்கள். மகளைக் கரும்புச் சோகை கிழிக்கக் கூடாது என்று பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த தமிழழகனுக்குக் கழுத்தை நீட்டி வந்தவள், வந்த வேகத்தில் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு சின்ன அறை பிடித்து ‘கலை மொபைல்ஸ்’ என்று பலகை மாட்டிவிட்டாள். அப்போதெல்லாம் போனில் பாட்டு வேண்டுமென்றால் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குத்தான் வர வேண்டும். டிராக்டர்காரர்கள் பென்டிரைவோடு வருவார்கள்.

மற்ற கடைகளில் எந்தப் படப் பாட்டு என்று கேட்பார்கள். கலையரசி அப்படிக் கேட்டதே இல்லை. “இன்னா வண்டி? எங்க போற லோடு?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கரும்பு லோடு என்றால் ஒரு கோப்பு, போர்வெல் வண்டிக்கு ஒன்று, சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிறவனுக்கு வேறு ஒன்று. விடிய விடிய ஓட்டுகிறவனுக்குக் காதல் தோல்விப் பாட்டு ஒன்றைக்கூடத் தரமாட்டாள். அழுதுகொண்டே தூங்கிவிடுவானாம். உளுந்தூர்பேட்டையிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்து இவளிடம் ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரர்கள் உண்டு.

அவள் சேர்த்து வைத்ததை மற்ற கடைக்காரர்கள் அப்படியே காப்பி அடித்துத் தங்கள் கடையில் விற்க ஆரம்பித்தபோது அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. பதினெட்டு ரூபாய் ஹெட்போனில் இருந்த மைக்கை வாயருகே பிடித்து, “கலை மொபைல்ஸ், கச்சிராயபாளையம் ரோடு, ரேஷன் கடை எதிரில்” என்று அழுத்தம் திருத்தமாகப் பேசிப் பதிந்தாள். அவள் கடையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு பாட்டின் வயிற்றிலும் இதைச் சொருகிவிட்டாள். இனி எவன் காப்பி அடித்தாலும் இவள் கடைக்குத்தான் விளம்பரம்.

அந்த நாட்களில் ஒருமுறை கவியரசன் தன் போனில் இருந்த ஒரு பாட்டை சி.டி.யில் ஏற்றித் தரச் சொல்லி வந்தான். மூடிக் கிடந்த ஜவ்வரிசி ஆலையின் கொட்டகையில் வைத்துப் பதிந்ததாம். ஏற்றிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு போய்விட்டான். பாட்டு அவளுடைய கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் காத்துக் கிடப்பதுதான் பாட்டு. டிரம்ஸ் சத்தம் பழைய டிராக்டர் மேட்டில் ஏறுவது போலவே இருந்தது. பெற்றவர்கள் கை கிழித்த கரும்பைப் பற்றி இப்படி ஒரு பாட்டு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கேட்டு முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு குறைதான் அவளுக்குப் பட்டது. நடுவில் திடீரென்று எல்லாம் நின்றுபோய், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. பாவம், பசங்கள் பதியும்போது ஏதோ கோளாறு ஆகி ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்தாள். அந்த ஓட்டையை அடைக்க அளவெடுத்தது போல அவளிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. சொருகினாள். யாரையும் கேட்கவில்லை. கரும்பு லோடு கோப்பில் முதல் பாட்டாக அதைப் போட்டு, வந்தவன் போனவனுக்கெல்லாம் ஏற்றிவிட்டாள். அந்த வருஷம் கரும்பு அரவை முடிவதற்குள் அந்தப் பாட்டைப் போடாத டிராக்டர் இல்லை.

அப்புறம் ஒருநாள் போலீஸ் சோதனை வந்தது. புதுப்படப் பாட்டுகளைத் திருட்டுத்தனமாக ஏற்றுகிறார்கள் என்று சுற்று வட்டாரக் கடைகளில் எல்லாம் புகுந்தார்கள். கலை மொபைல்ஸின் கம்ப்யூட்டரும் போனது. கடை அவன் பெயரில் இருந்ததால் தமிழழகனைக் கூட்டிக்கொண்டு போய்க் காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஸ்டேஷன் தரையில் உட்காரவைத்தார்கள். ஒருவரும் கை ஓங்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவனுக்கு அதுவே போதும். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் படுத்தான். மறுநாள் பலகையை அவனே கழற்றி எடுத்து வந்து மாட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டிவிட்டான். கலையரசி அந்த வாரமே ஊரின் மறுகோடியில் இருந்த காசிநாதன் கடையில் கூலிக்கு உட்கார்ந்தாள், தன் பழைய கடையைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி துணிந்திருந்தாள். அதே ரோட்டில், அங்காளம்மன் கோயில் பக்கம் ஒரு அறை. செல்போன் பழுது பார்ப்பது மட்டும்தான், பாட்டுக் கீட்டு ஒன்றும் கிடையாது. வைகாசி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. பழைய பெயர் வேண்டவே வேண்டாம் என்று தமிழழகன் ஒற்றைக்காலில் நின்றதால் ‘ஸ்ரீ அங்காளம்மன் செல் சர்வீஸ்’ என்று பலகைக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தான் கவியரசன் வக்கீலோடு கிளம்பியிருக்கிறான். கேஸ் என்று ஒன்று வந்தால் இந்தக் கடையும் போச்சு. இன்னொரு முறை ஆரம்பிக்கத் தன் உடம்பில் தெம்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. டிராக்டர்காரர்கள் எல்லாருடைய போனிலும் அந்த வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. யார் வந்து கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடும்படி ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துச் சொல்லி வைத்திருந்தான். அவர்களும் விசுவாசமாகத்தான் இருந்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். கேட்காதவர்களிடமெல்லாம் கூப்பிட்டு, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

சில நாள் கழித்துத் தமிழழகனின் நடவடிக்கை மாறியது. ஆலையிலிருந்து வந்தவன் கலையரசியின் முகத்தையே பார்க்கவில்லை. மறுநாள் மல்லிகைப் பூ வாங்கி வந்தான். கல்யாணமான புதிதில் வாங்கி வந்தது, அப்புறம் இப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து, நல்லி எலும்பையெல்லாம் பொறுக்கி அவள் தட்டிலேயே போட்டான். தலை வலிக்கிறது என்று அவள் ஒரு பேச்சுக்குச் சொன்னதற்குப் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னான். மாமியார் தைலம்மாள் ரகசியமாக வந்து, அங்காளம்மனுக்கு உன் பேரில் சேவல் நேர்ந்துவிட்டிருக்கிறான், என்னடி விஷயம் என்று கேட்டாள். ஒரு ஆம்பளை காரணமில்லாமல் இவ்வளவு நல்லவனாக மாறினால் எந்தப் பெண்டாட்டி நிம்மதியாகத் தூங்குவாள்? எவளையோ பார்த்துவிட்டான் என்றே கலையரசி முடிவு செய்துவிட்டாள்.

விஷயம் காசிநாதன் கடையில் வைத்து உடைந்தது. அவர்தான் தன் போனை நீட்டினார். கறுப்புக் கரை கட்டிய கட்டத்துக்குள் ஒரு குத்துவிளக்கு. பக்கத்தில் ஒரு பழைய ஹெட்போன் படம், அதற்கு மாலை. மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘மூன்றாம் ஷிப்ட்’ குழுவினர் எழுதியிருந்ததைக் காசிநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். எங்கள் பாட்டை ஊரெல்லாம் கொண்டு சேர்த்த ‘கலை மொபைல்ஸ்’ சகோதரி காலமாகிவிட்டார் என்பதை இப்போதுதான் அறிந்தோம். நேரில் பார்த்து நன்றி சொல்லவும், அவர் குரலோடு பாட்டை வெளியிட அனுமதி கேட்கவும் தேடினோம். கொடுத்து வைக்கவில்லை. ‘மிச்சம் மீதி’யை அவர் நினைவுக்குச் சமர்ப்பிக்கிறோம். வெள்ளிமலை கோடை விழாவில் அவருக்காக ‘எடைமேடை’யைப் பாடுகிறோம்.

கலையரசி அதை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். நன்றி. அனுமதி. வக்கீல் கேட்டது அதுதானா! நெஞ்சில் இத்தனை நாளாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போய்விட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. செத்துப்போன செய்தியைப் படித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை அந்த ஜில்லாவிலேயே அவளாகத்தான் இருக்கும். காசிநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெருங்கின சொந்தமா என்று தயங்கிக் கேட்டார். ஆமாம், ரொம்ப நெருங்கின சொந்தம் என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினாள்.

தமிழழகன் வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வந்த வேகத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினான்.

“நான் எப்ப மாமா செத்தேன்?” என்றாள்.

அவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். “ஆலயில வரிசையில நின்னுக்கினு இருந்தேன் கலை. அந்தப் பாட்டுக்காரன் நேரா எங்கிட்டயே வந்து கேக்கறான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். எனக்கு ஸ்டேசன் தர ஞாபகம் வந்துருச்சு. அது செத்துப்போச்சுங்கன்னு வாயில வந்துருச்சு.”

“அதான் பூவா? அதான் கறியா?”

“ராத்திரில நீ மூச்சு வுடறியான்னு எழுந்து எழுந்து பாத்துக்கினு இருந்தேன்” என்றான்.

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம்தான் அது. வரவில்லை. எவளும் இல்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. அவர்கள் எழுதியிருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, அப்படியானால் செத்தவளாகவே இருந்துவிடு, யாருக்கும் தொந்தரவில்லை, கடையைத் திறக்கிற வழியைப் பார்க்கலாம் என்றான். ஆளை வெளியே வரவழைக்கப் பெரிய இடத்தில் இப்படியெல்லாம் எழுதுவார்கள் என்றும் சொன்னான். அவன் பயம் அவ்வளவு சுலபமாக இறங்குகிற பயமில்லை. கலையரசியும் யோசித்தாள். போனால் ஒருவேளை அவன் சொல்வது பலித்து, கடை போகலாம். போகாவிட்டால் ஆபத்தே இல்லை. ஆனால் தன் கடைசிக் காலம் வரை தன் குரல் எங்கே ஒலித்தாலும் செத்தவள் குரல் என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருக்கத் தன்னால் ஆகாது என்று பட்டது. கோடை விழாவுக்கு வேன் பேசச் சொன்னாள்.

வெள்ளிமலைக்கு டிராக்டர்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கீழே அடித்த அனல் கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏற ஏறக் குறைந்து, மேலே காற்று சில்லென்று இருந்தது. மைதானத்து ஓரத்தில் மலைக்காரர்கள் பலாச்சுளையும் தேனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். வெயில் இன்னும் மலை உச்சியில் மிச்சமிருந்த நேரத்தில் ‘மூன்றாம் ஷிப்ட்’ மேடை ஏறியது. கிராமியப் பாட்டு ஒன்றைக் கிடாரில் கிழித்து எடுத்தார்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றுகிற பாட்டு ஒன்றை மெதுவாக, வேறு யாருடைய சோகத்தையோ சொல்வது போலப் பாடினார்கள். எல்லாம் ‘மிச்சம் மீதி’யில் வரப்போகிறவை. கலையரசி எதையும் காதில் வாங்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்ததும், இரண்டு போலீஸ்காரர்கள் படிக்கட்டருகே நின்றிருந்ததைப் பார்த்துவிட்டுத் தமிழழகன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். விழா என்றால் போலீஸ் நிற்கத்தான் செய்யும். அதை அவனிடம் யார் சொல்வது?

கவியரசன் மைக்கைப் பிடித்தான். பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும் என்றான்.

“வண்டி எடமேட மேல ஏறினா இஞ்சின நிறுத்திட்டு, கீழ எறங்கி மூச்சு வுடாம நிப்பாங்க எங்க ஊரு ஆளுங்க. வருசம் பூரா பட்ட பாட்ட எடை போடற நேரம் அது. அதுக்காகத்தான் பாட்டுல ஒரு எடத்த சும்மா வுட்டிருந்தோம். அந்த அக்கா அதுல தன் குரல வெச்சாங்க. ஆல மைக்குல ஊரச் சொல்லிக் கூப்புடுவாங்க பாருங்க, அச்சு அசல் அப்படி. அது இல்லாம பாட்டு முழுசாகலன்னு எங்களுக்கே அப்பறந்தான் புரிஞ்சுது. இன்னிக்கி அந்த எடத்த அவங்களுக்காகச் சும்மா வுடறோம். அப்ப எல்லாரும் எழுந்து நில்லுங்க.”

கலையரசிக்கு உடம்பெல்லாம் கூசியது. மைக்காவது மண்ணாவது, ஓட்டை என்று நினைத்து அடைத்தேன் என்று இந்தக் கூட்டத்தில் யாரிடம் போய்ச் சொல்வாள்?

சுபஸ்ரீயின் டிரம்ஸ் தொடங்கியது. பழைய டிராக்டர் மேட்டில் ஏறியது. டிராக்டர்காரர்கள் ஒரு வரி விடாமல் கூடவே பாடினார்கள். வண்டி வரிசையில் நகர்ந்து, ஆலை வாசலைத் தாண்டி, எடைமேடையில் ஏறி, சட்டென்று எல்லாம் நின்றது.

மைதானம் முழுக்க எழுந்து நின்றது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள். கலையரசி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். தமிழழகனும் துண்டை அவிழ்த்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையைக் குனிந்து, தன் பெண்டாட்டிக்காகத் தன் பெண்டாட்டி பக்கத்திலேயே மௌனமாக நின்றுகொண்டிருந்தான்.

இதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த இடம் வெறுமையாகக் கிடப்பதை அவளால் அன்றைக்கும் பொறுக்க முடிந்ததில்லை.

“கலை மொபைல்ஸ்” என்றாள். செருமிக்கொண்டு, பழைய அழுத்தம் திருத்தத்தோடு உரக்கச் சொன்னாள். “கச்சிராயபாளையம் ரோடு. ரேஷன் கடை எதிரில்.”

மைக் இல்லாமலே மேடை வரை கேட்டது. கூட்டம் அப்படியே திரும்பியது. ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கவியரசன் அடுத்த வரியை எடுக்க வாயைத் திறந்தவன் திறந்தபடி நின்றான். டிராக்டர்காரர்களில் யாரோ ஒருவர், அது நம்ம தமிழு சம்சாரம்டா, அதுதான்டா கடைக்காரம்மா என்று பொறுக்கமாட்டாமல் கத்த, மற்றவர்கள் விசில் அடித்தார்கள். இத்தனை நாள் கட்டிக் காத்த ரகசியத்தை அவ்வளவு ஆனந்தமாக எவரும் உடைத்திருக்க மாட்டார்கள். மேடையில் முதலில் சுதாரித்தவள் சுபஸ்ரீதான். குச்சியை ஓங்கினாள், வண்டி எடைமேடையை விட்டு இறங்கியது.

பாட்டு முடிந்ததும் நாலு பேரும் மேடையிலிருந்து குதித்து வந்தார்கள். கலையரசியின் கையைக் கவியரசன் விடவே இல்லை. கேட்காமல் எடுத்து எல்லாருக்கும் ஏற்றிவிட்டது தப்புதான் என்று அவள் ஆரம்பித்தாள். நீங்கள் ஏற்றியிருக்காவிட்டால் அந்தப் பாட்டே இன்று இல்லை, அக்கா என்று அவன் முடித்துவிட்டான். பிறகு கொஞ்சம் தள்ளி நின்ற தமிழழகனைக் கவனித்தான். உற்றுப் பார்த்தான்.

“அண்ணே, நீங்கதான அன்னிக்கி ஆலயில அவங்க செத்துட்டாங்கன்னு சொன்னீங்க? அழுதீங்களேண்ணே!”

“சொன்னது பொய்யிங்க” என்றான் தமிழழகன். “அழுதது நெசந்தாங்க. சொன்னதும் தானா வந்துருச்சு.”

சுபஸ்ரீ முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படிக்கட்டருகே நின்றிருந்த போலீஸ்காரர்களில் ஒருவர் இவர்களை நோக்கி நேராக நடந்து வந்தார். தமிழழகன் இரண்டடி பின்னால் போனான். வந்தவர் கலையரசியோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருடைய அப்பாவும் கரும்பு லோடு ஓட்டினவராம்.

கவியரசன் முறைப்படி கேட்டான். அவள் குரலோடு ‘எடைமேடை’யை ஆல்பத்தில் போட அவளுக்குச் சம்மதமா? வக்கீலுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். யாருடைய பாட்டையோ தன்னுடையது போல அள்ளிக் கொடுத்தவளிடம், அந்தப் பாட்டுக்காரனே வந்து அனுமதி கேட்கிறான். கலையரசி தலையை ஆட்டினாள். அப்புறம் கடைக்காரப் புத்தி விழித்துக்கொண்டது. ரேஷன் கடையை இடம் மாற்றிவிட்டார்கள், தன் புதுக் கடையும் அங்காளம்மன் கோயில் பக்கத்தில்தான், வேண்டுமானால் விலாசத்தைத் திருத்தி மறுபடி பேசித் தரட்டுமா என்று கேட்டாள். பழையதே இருக்கட்டும், ஊருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது என்றான் அவன்.

வேனில் மலை இறங்கும்போது தமிழழகன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தான். கச்சிராயபாளையம் விளக்குகள் தெரிந்த பிறகு, மாட்டுக் கொட்டகைப் பலகை மழையில் நனைந்தாலும் எழுத்து அழியவில்லை, தேய்த்துக் கழுவினால் புதுசு போல ஆகிவிடும் என்றான். கலையரசி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

வைகாசி முகூர்த்தத்தில் கடை திறந்தது. அங்காளம்மனுக்குச் சேவல் போய்ச் சேர்ந்தது. கடைக்கு மேலே ‘கலை மொபைல்ஸ்’ பலகை, ஓரத்தில் மாட்டுச் சாணியின் கறை கொஞ்சம் மிச்சமிருக்க, பழைய இடத்தில் இருந்தது போலவே தொங்கியது. தமிழழகன் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தபோது, கரும்பு டிராக்டர் ஒன்று ஓரம் கட்டி நின்றது. ஓட்டி வந்தவன் தியாகதுருகம் பக்கத்து ஆள், முன்பின் தெரியாதவன். கையில் போனோடு இறங்கி வந்து பலகையை அண்ணாந்து பார்த்தான். பாட்டில் வருமே, அந்தக் கலை மொபைல்ஸா இது என்று கேட்டான்.

“ஆமாங்க” என்றான் தமிழழகன். “என் சம்சாரந்தான். உள்ள இருக்குது, போய்ப் பாருங்க.”